பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையில்: டெக்சாஸ் மாநிலக் கல்லூரி ஆயத்தநிலைத் தரநிலைகளில் ஆங்கிலமும் அறிவியலும்

முன்னுரை

கல்லூரியில் சேர்வதற்கான தகுதியும் கல்லூரிக் கல்வியை ஏற்பதற்கான ஆயத்தமும் ஒன்றல்ல. தகுதி என்பது சேர்க்கையின் வாயில். ஆயத்தம் என்பது உள்ளே நுழைந்தபின் முதலாண்டுப் பாடத்தைத் தாங்கி நிற்கும் ஆற்றல். அமெரிக்கக் கல்வித்துறையில் இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே எண்ணப்பட்டன. உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்த மாணவர் பலர், நுழைந்த உடனேயே குறைதீர் பாடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அப்பாடங்களுக்குக் கட்டணம் உண்டு. பட்டத்திற்குரிய மதிப்பலகு இல்லை. பள்ளி ‘தேர்ச்சி’ என்றதைக் கல்லூரி ‘போதாது’ என்றது. இம்முரணைத் தீர்க்க டெக்சாஸ் மாநிலம் உருவாக்கிய தரநிலைகளுள் ஆங்கிலம், அறிவியல் ஆகிய இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இருவேறு அளவைகள்

ஆயத்தநிலையை அளக்க இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, புள்ளிவிவர வழி. ஏசிடி நிறுவனம் தன் தேர்வு மதிப்பெண்ணை முதலாண்டுக் கல்லூரிப் பாட மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு எல்லைக்கோடு வகுத்தது. குறித்த பாடத்தில் ‘பி’ அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற 50 விழுக்காடு வாய்ப்புள்ள மதிப்பெண்ணே அவ்வெல்லை. ஆங்கிலத்திற்கு அது 18. அறிவியலுக்கு முதலில் 24, 2013 முதல் 23. இவ்வழி எத்தனை பேர் ஆயத்தமாக உள்ளனர் என்பதைச் சொல்லும். எதில் ஆயத்தமாக வேண்டும் என்பதைச் சொல்லாது.

மற்றொன்று, கற்பிப்போரின் துறைசார் தீர்ப்பை ஆதாரமாகக் கொள்வது. டேவிட் கான்லி தலைமையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, பியூ அறக்கட்டளை ஆகியவற்றின் ஆதரவோடு நடந்த ஆய்வு இவ்வகையது. முதலாண்டு மாணவரிடம் பேராசிரியர் உண்மையில் எதிர்பார்ப்பது யாது என்று கேட்டு, அதன் முடிவுகளை அது 2003 இல் வெளியிட்டது. டெக்சாஸ் இவ்விரண்டாம் வழியையே தேர்ந்தது.

செங்குத்துக் குழுக்கள்

2006 இல் டெக்சாஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய அவை மசோதா 1, பள்ளி ஆசிரியரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒருங்கே அமரும் ‘செங்குத்துக் குழு’க்களை அமைக்கப் பணித்தது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய நான்கிற்கும் தனித்தனிக் குழுக்கள். அம்மாநிலத்தில் பள்ளிப் பாடத்திட்டம் மாநிலக் கல்வி வாரியத்தின் பொறுப்பு. உயர்கல்வியோ தனி ஒருங்கிணைப்பு வாரியத்தின் பொறுப்பு. ஓர் அமைப்பு மற்றதன் வகுப்பறையை அறியாதிருந்த நிலையில், இருசாராரையும் ஒரே மேசைக்குக் கொணர்ந்ததே இச்சட்டத்தின் பெரும்பயன் எனலாம். உயர்கல்வி ஒருங்கிணைப்பு வாரியம் 2008 சனவரியில் தரநிலைகளை ஏற்றது.

ஆவணம் நான்கு படிநிலைகளில் இறங்குகிறது: முதன்மை உள்ளடக்கம், அதன் கூறுகள், செயல்திறன் எதிர்பார்ப்புகள், அவற்றை அடையாளம் காட்டும் எடுத்துக்காட்டுகள். இறுதிப் படி கட்டளையன்று, சான்று மட்டுமே. எடுத்துக்காட்டே தேர்வு வினாவாக மாறிவிட்டால் தரநிலை சுருங்கிப்போகும் என்பதால் இவ்வேறுபாடு இன்றியமையாதது.

மொழி எங்கே முடிகிறது, அறிவியல் எங்கே தொடங்குகிறது?

ஆங்கிலத் தரநிலைகள் எழுதுதல், வாசித்தல், பேசுதல், கேட்டல், ஆய்வு என ஐந்து. இலக்கியம் தனித் தலைப்பாக இல்லை. வாசித்தலுக்குள், பிறவகைப் பனுவல்களோடு சேர்ந்தே அமைந்துள்ளது. இலக்கிய ஆசிரியருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். ஆயினும் முதலாண்டு மாணவர் படிக்கவேண்டியவற்றுள் பெரும்பகுதி தகவலும் வாதமும் செறிந்த உரைநடையே என்பதை மறுக்க இயலாது. ஏசிடி நிறுவனத்தின் 2006 ஆம் ஆண்டு வாசிப்பு அறிக்கை இதற்கு அரண். அதன்படி 2005 இல் அத்தேர்வெழுதிப் பள்ளி முடித்தோருள் 51 விழுக்காட்டினரே கல்லூரி வாசிப்புக்கு ஆயத்தமாயிருந்தனர். ஆயத்தமானோரையும் ஆகாதோரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது, சிக்கலான பனுவலைப் புரிந்துகொள்ளும் திறனே.

அறிவியல் தரநிலைகள் பத்து. உயிரியல், வேதியியல், இயற்பியல், புவி-விண்வெளி அறிவியல், சூழலியல் ஆகியவை பின்னரே வருகின்றன. அறிவியலின் இயல்பு, கணிதப் பயன்பாடு, கருத்துப் பரிமாற்றம், அறிவியல்-தொழில்நுட்பம்-சமூகம், துறைகளுக்குப் பொதுவான கருப்பொருள்கள் என்பவை முன்னிற்கின்றன. இவ்வரிசை தற்செயலானதன்று. சூத்திரத்தை ஒப்பிப்பவரைவிட, சோதனைத் தரவிலிருந்து தரவு தாங்குமளவுக்கு மட்டுமே முடிவு சொல்பவரையே கல்லூரி ஆய்வகம் வேண்டுகிறது.

கருத்துப் பரிமாற்றம் என்னும் தரநிலையே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அறிவியல் எழுத்து, அறிவியல் வாசிப்பு, தகவலை முன்வைத்தல், தகவல்களைத் தேடி மதிப்பிடல் ஆகியவை அதில் அடங்கும். ஆய்வக அறிக்கை எழுதக் கற்பிப்பது மொழியாசிரியர் கடமையா, அறிவியல் ஆசிரியர் கடமையா என்னும் பழைய வழக்குக்கு ஆவணம் தரும் விடை, இருவருக்கும் என்பதே. நான்கு துறைகளுக்கும் அப்பால் அமைந்த பல்துறைப் பொதுத் தரநிலைகளும் வாசிப்பு, எழுத்து, ஆய்வு ஆகியவற்றை எல்லாப் பாடங்களுக்கும் உரியனவாக்கி இதனை உறுதிசெய்கின்றன. பொதுப்பொறுப்பு எளிதில் எவர் பொறுப்பும் அன்றாகிவிடும் என்னும் ஐயம் எழுவது இயல்பே. கால ஒதுக்கீட்டை ஆவணம் பேசவில்லை.

2013 க்குப் பின்

2006 சட்டமே நான்கு ஆண்டு ஆங்கிலம், நான்கு ஆண்டு அறிவியல் என்னும் கட்டாயத்தையும் விதித்திருந்தது. 2013 இன் அவை மசோதா 5 அதனைத் தளர்த்தியது. அடிப்படைத் திட்டத்தில் ஆங்கிலம் நான்கு மதிப்பலகுகளாகவே நீடிக்க, அறிவியல் மூன்றாகக் குறைந்தது. பாட இறுதித் தேர்வுகள் 15 இலிருந்து 5 ஆயின. அறிவியலில் எஞ்சியது உயிரியல் மட்டுமே. பள்ளி மாவட்டங்கள் உயர்கல்வி நிறுவனங்களோடு இணைந்து பன்னிரண்டாம் வகுப்பில் ஆயத்தப் பாடங்களை வகுக்க வேண்டும் எனவும் அச்சட்டம் பணித்தது. அவ்வேற்பாடு ஆங்கிலத்திற்கும் கணிதத்திற்கும் கிட்டியது, அறிவியலுக்குக் கிட்டவில்லை. வேதியியல், இயற்பியல் தரநிலைகள் ஏட்டில் உள்ளன. அவற்றை மாநில அளவில் அளக்கும் பாட இறுதித் தேர்வோ, பள்ளியையும் கல்லூரியையும் இணைக்கும் பாலப் பாடமோ அச்சட்டத்தில் இல்லை.