உத்யம் சான்று இருந்தா மானியக் கடன் கிடைச்சிடுமா? ஆம்பூர் தோல் தொழில் செய்வோர் கவனிக்க!

உத்யம் என்பது குறு, சிறு தொழில் என்பதற்கான பதிவுதான். தொழில் நடத்தும் உரிமம் இல்லை. ஆதார், பான் இருந்தா இலவசமா எடுக்கலாம். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க!

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டில் தோல் பதனிடுவோருக்கு முக்கியம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. ஆலை அமைக்க ஒன்று, இயக்க ஒன்று. காரணம் பாலாறு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம், சொந்தமாகவோ பொதுவாகவோ கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்து வாரிய இசைவு பெறச் சொன்னது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே ஆள் கணக்குதான்: 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ., 20 பேர் என்றால் பி.எஃப்.

பலர் சிக்குவது வேறு இடத்தில். கடனில் வாங்கும் புது மெஷினால் உற்பத்தி கூடுமா? அந்தக் கூடுதல் அளவுக்கும் தனியா இசைவு வேணும். மனு போடும் முன் பழைய இசைவாணையில் உள்ள அளவையும் காலாவதி தேதியையும் பார்த்துடுங்க.