படுக்கை விரிப்பும் ஒரு கை நீரும்

துணி தேய்ப்பவர் முதலில் நீர் தெளிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது வெறும் வழக்கமன்று. அதில் அறிவியல் உண்டு.

பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. அவற்றை ஒன்றோடொன்று கட்டி வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். துவைத்த விரிப்பு கசங்கியபடியே உலர்ந்தால், பிணைப்புகளும் அந்நிலையிலேயே இறுகிவிடும். நீர் புகுந்தால் அவை நெகிழும். அப்பொழுது இஸ்திரிப் பெட்டியின் அழுத்தம் இழையை நேராக்கும்; சூடு நீரை ஆவியாக்கும்; பிணைப்புகள் நேரான நிலையில் மீண்டும் அமையும்.

வடநாட்டுக் கோடையில் அனற்காற்று விரிப்பைச் சருகாக்கிவிடுகிறது. அதை அப்படியே தேய்த்தால் சுருக்கம் எளிதில் போகாது, உடனே நாம் சூட்டைக் கூட்டுகிறோம், துணி பழுப்பேறுகிறது. ஆயிரம் வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாது சூடேறினால் ஒரு யூனிட் மின்சாரமும் செலவாகும்.

நான் கைக்கொள்ளும் முறை இது. சற்று ஈரம் இருக்கும்போதே விரிப்பைக் கொடியிலிருந்து எடுத்து, இரண்டாக மடித்து, இருபுறமும் தேய்ப்பேன். பிறகு சிறிது நேரம் உலரவிட்டே அடுக்குவேன். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். துணியில் தைத்த சீட்டில் மூன்று புள்ளி இருந்தால் 200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். இரண்டு புள்ளியானால் 150 தான். பாலியெஸ்டர் கலந்த விரிப்புகளில் இதைக் கவனியாமல் இருக்கலாகாது.

நண்பர்களே, பஞ்சு மெத்தைமேல் வைத்துத் தேய்க்காதீர்கள். பஞ்சில் பற்றும் கனல் வெளியே தெரியாமல் உள்ளேயே நெடுநேரம் புகையும். மேசைமேல் கம்பளி விரித்துத் தேய்ப்பதே நன்று.