நீருக்கடியில் ஏழடிக் குழாய்

மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தோருக்கு மூச்சுக் குழாய் என்று ஒன்று இருந்ததில்லை. கனத்த கல்லைத் துணைகொண்டு இறங்கினர், அடக்கிய மூச்சுத் தீருமுன் கயிற்றை அசைத்தனர், படகிலிருந்தவன் இழுத்தான். இன்று காற்றுருளையை முதுகிலே சுமந்து இறங்கும் சுழியோடிக்கோ அருகில் நீந்தும் தோழனே துணை. ஒருவனின் காற்றுத் தீர்ந்துவிட்டால், மற்றவனின் காற்றை அவன் வாய்க்குக் கொண்டு சேர்ப்பது ஒரு றப்பர்க் குழாய். அதன் நீளமும் அது உடலைச் சுற்றிச் செல்லும் வழியும் அற்ப விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் சுழியோடிகள் இவற்றைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர்.

உருளையிலுள்ள காற்று ஏறத்தாழ 200 பார் அமுக்கத்தில் அடைபட்டிருக்கும். உருளையின் வாயிலிலே பூட்டப்பட்ட சீராக்கி, அதாவது றெகுலேற்றரின் முதற்படி, அதனைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே கூடியதாகக் குறைக்கிறது. அக்காற்று குழாய்வழி வந்து, வாயிலே கவ்வியுள்ள இரண்டாம் படியை அடைந்து, நாம் இழுக்கும்போது மட்டும் இதமாக வெளிவருகிறது.

குழாயை எவ்வழியே கொண்டு செல்வது என்ற கேள்வி இக்கருவி பிறந்த அன்றே பிறந்துவிட்டது. 1943 இல் பிரான்ஸ் நாட்டில் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியியலாளர் கானியானும் தமது முதற் கருவியை மார்ண் ஆற்றிலே சோதித்தனர். படுத்து நீந்தியபோது காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்தபோது வீணே பீறிட்டது. தலைகீழானபோது இழுத்தும் வரவில்லை. மூச்சு வெளியேறும் வாயிலும் காற்று உட்புகும் வாயிலும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் முதுகிலே வைத்ததும் குறை நீங்கிற்று. வெளிவிடும் மூச்சையும் முதுகுக்கே கொண்டு செல்ல இரண்டாவது குழாய் வேண்டியதாயிற்று. பழைய படங்களிலே சுழியோடியின் இரு தோள்மீதும் காணப்படும் மடிப்புக் குழாய்களின் வரலாறு இதுவே. 1952 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்து டெட் எல்ட்ரெட் என்பவர் சீராக்கியை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உருளையிலும் மற்றதை வாயிலும் வைத்தார். ஒற்றைக் குழாய் போதுமாயிற்று.

சாதாரணமாக விற்கப்படும் வாய்க்குழாய் 28 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். வலத்தோளின்மேல் வளைந்து வாய்க்கு வரும். இதிலும் குறுகினால், தலையைத் திருப்பும்போதெல்லாம் வாய்ப்பிடியை இழுத்துத் தாடையை நோகச் செய்யும். மிகையானாலோ பக்கவாட்டில் வில்லாக வளைந்து நீரை எதிர்த்து, பாறையிலும் பவளத்திலும் சிக்கும். தோழனுக்கென வைத்திருக்கும் மஞ்சள் நிற உதிரி வாய்ப்படிக்கு 36 முதல் 40 அங்குலம் வரை வழக்கம். இவ்வுதிரியைப் பலர் இடுப்பருகே தொங்கவிட்டு மணலிலே இழுத்துச் செல்வதுண்டு. அதனை வைத்திருப்பதிலும் வையாதிருப்பதிலும் பெரிய வேறுபாடில்லை என்பது நம் எண்ணம். தேவையான கணத்தில் அதைத் தேட வேண்டிவரும். கிடைத்தாலும் உள்ளே மண் இருக்கும்.

ஏழடிக் குழாய் வழக்கமானது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து நீர்க்குகைகளிலே. அங்கே மேலெழுந்து தப்ப இயலாது, தலைக்குமேல் பாறை. உள்ளே செல்ல மூன்றிலொரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு எனக் காற்றைப் பகுத்தே செல்வர். குகை மரணங்களை ஆராய்ந்து 1979 இல் நூல் எழுதிய ஷெக் எக்ஸ்லி என்ற ஆசிரியர் இவ்விதியை வலியுறுத்தினார். (அவரும் 1994 இல் மெக்சிக்கோவின் ஆழ்கிணறு ஒன்றில் உயிர் நீத்தார்.) இருவர் அருகருகே செல்லமுடியாத இடுக்கில் காற்றைப் பகிர்ந்தபடி ஒருவர் பின் ஒருவராக வெளியேற 40 அங்குலம் எவ்வாறு போதும்? 7 அடி, அதாவது 210 சென்ரிமீற்றர், வேண்டும்.

இத்தனை நீளத்தைச் சிக்கலின்றி எங்கே வைப்பது? குழாய் வலப்பக்க வால்விலிருந்து முதுகோடு இறங்கி, வலக்கையின் கீழாக வந்து, இடுப்பிலுள்ள விளக்குப் பற்றரிக் குடுவையின் அடியில் மடங்கும். பின் மார்பைக் குறுக்கே கடந்து, இடப்பக்கமாகக் கழுத்தின் பின்னே சுற்றி, வலப்புறமிருந்து வாய்க்கு வரும். வில்லியம் ஹோகார்த் மெயின் என்ற குகைச் சுழியோடியின் நடுப்பெயரால் இவ்வொழுங்குமுறை வழங்கப்படுகிறது. உதிரி வாய்ப்படி ஏறத்தாழ 22 அங்குலக் குறுங்குழாயோடு, றப்பர் வடத்தில் மாலைபோல் தாடையின் கீழே தொங்கும்.

காற்றில்லாத் தோழனுக்குத் தன் வாயிலுள்ளதையே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நாடி. மூச்சின்றித் தவிப்பவன் நிதானமாக மஞ்சள் நிறத்தைத் தேடமாட்டான். எதிரிலிருப்பவன் வாயிலே வேலை செய்துகொண்டிருப்பதைப் பறிப்பான். எனவே அதுவே நீண்ட குழாயில் இருத்தல் நலம். கொடுப்பவன் தலையைத் தாழ்த்தி நீட்டினால் குழாய் தானே அவிழும். பின் தாடையின் கீழுள்ளதைத் தான் கவ்விக்கொள்வான். குழாய் கழுத்திலே சுற்றியிருக்கிறதே என்று தாய்மார் அஞ்சலாம். அது கழுத்தின் பின்புறத்தில் மட்டுமே கிடப்பது, முடிச்சன்று.

நமது தீவில் எல்லோருக்கும் ஏழடி வேண்டுமா? ஆழங்குறைந்த பவளப்பாறைகளைக் காணச் செல்வோர்க்கு வேண்டியதில்லை. கையின் கீழாக விட்ட 40 அங்குலமோ 5 அடியோ நிறைவாகும். மட்டக்களப்புக் கடலிலே 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹேர்மிஸ் கப்பலின் கதை வேறு. அது 50 மீற்றருக்கும் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. 50 மீற்றரில் அமுக்கம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. ஒரு மணி நேரத்துக்குப் போதுமான காற்று பத்து நிமிடங்களில் தீரும். சிதைந்த இரும்பின் நடுவே, விரைந்து மேலெழவும் இயலாத நிலையில், நெடுங்குழாயைத் தேர்ந்துகொள்வதே அறிவு.

ஒரு குறிப்பு. குழாய் ஓரங்களிலே அணிவிக்கும் காப்புறைகள் வெடிப்புகளை மறைப்பதுண்டு; அவற்றை விலக்கிப் பார்த்தல் வேண்டும். அமுக்கமானியின் குழாய் வெடித்தால் ஓசை பெரிது, கசிவு சிறிது. அதன் துவாரம் ஊசித்துளை போன்றது. வாய்க்குழாய் வெடித்தாலோ உருளை சில நிமிடங்களில் வெறுமையாகும். இறங்குமுன் நெடுங்குழாயை ஒருமுறை முழுவதும் அவிழ்த்துப் பார்க்கவேண்டும். பட்டிகளை மாட்டும்போது அது எதன் அடியிலேனும் அகப்பட்டிருந்தால், கரையிலேயே தெரிந்துவிடும்.