அகராதிக்கு முகவரி தருவது யார்?

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நாம் சேமிக்கும் தொடர்பு எண்களைக் காப்பது எஸ்கியூலைட் என்ற குட்டித் தரவுத்தளம். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. அதில் எத்தனை அட்டவணைகள் இருந்தாலும் எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். கோப்பைத் திறந்தால் நமக்குத் தெரிவது பைட்டுகளின் நீண்ட வரிசைதான். எந்த அட்டவணை எங்கே தொடங்குகிறது என்று மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதற்கென்றே உள்ளே இன்னோர் அட்டவணை இருக்கிறது. பாடநூல்களில் இதைத் தரவு அகராதி என்பார்கள். எஸ்கியூலைட்டில் இதன் பெயர் 'எஸ்கியூலைட்_ஸ்கீமா'. பழகியவர்கள் வாயில் இன்னும் 'எஸ்கியூலைட்_மாஸ்டர்' என்ற பழைய பெயர்தான். ஐந்தே பத்திகள். முதல் மூன்றும் வகை, பெயர், எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்ற விவரங்கள். விஷயம் இருப்பது கடைசி இரண்டில்.

நான்காவது, வேர்ப்பக்க எண். கோப்பு முழுவதும் சம அளவுப் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வழக்கமான அளவு 4096 பைட். ஓர் அட்டவணையின் வேர்ப்பக்கம் 7 என்று பதிவு சொன்னால், முன்னால் உள்ள ஆறு பக்கங்களைத் தாண்ட வேண்டும்: 6 × 4096 = 24,576. அந்த பைட்டில் போய் நின்றால் அட்டவணையின் வாசல். சின்ன அட்டவணை என்றால் தரவு அங்கேயே கிடைத்துவிடும். பெருத்துவிட்டால் வரிசைகள் வேறு பக்கங்களுக்குக் குடிபெயரும். வேர்ப்பக்கத்தில் அவற்றுக்கு வழிகாட்டும் எண்கள் மட்டும் மிஞ்சும். ஆனாலும் வேர்ப்பக்கம் 7ஆகவே இருக்கும். அட்டவணை வளர்ந்தது என்பதற்காக அகராதியைத் திருத்த வேண்டியதில்லை.

ஐந்தாவது பத்தி வேடிக்கையானது. அட்டவணையை உருவாக்க நாம் தட்டச்சு செய்த 'கிரியேட் டேபிள்' கட்டளை ஏறக்குறைய அப்படியே, இடையில் எழுதிய குறிப்புகளோடு சேர்த்து, அங்கே உட்கார்ந்திருக்கும். தரவுத்தளத்தைத் திறக்கும்போதெல்லாம் மென்பொருள் அதை மறுபடி வாசித்து, என்னென்ன பத்திகள், என்ன வகை என்று புரிந்துகொள்ளும். சோம்பேறித்தனம் போலத் தெரியும். எனக்கென்னவோ இது கெட்டிக்காரத்தனம். லட்சம் வரிசைகள் உள்ள அட்டவணையில் சாதாரணமாக ஒரு பத்தியைச் சேர்த்தால், மாறுவது இந்த வாசகம் மட்டுமே. பழைய வரிசைகளை யாரும் தொடுவதில்லை. படிக்கும்போது புதிய பத்திக்குரிய மதிப்பு இல்லையென்றால் மென்பொருள் இயல்பு மதிப்பை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

சரி, அகராதியும் ஓர் அட்டவணைதானே, அதன் வேர்ப்பக்கம் எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. அது எப்போதும் முதல் பக்கம் என்பது விதி. கோப்பின் முதல் 100 பைட் தலைப்பு. பக்க அளவு அதில்தான் இருக்கிறது. அதை அடுத்து அகராதி தொடங்கிவிடும். தன்னைப் பற்றி அது ஒரு வரிகூட வைத்துக்கொள்வதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் வேறு வழியில் போகிறது. அங்கே 'பிஜி_கிளாஸ்' என்னும் அகராதியில் அதற்கே ஒரு வரிசை உண்டு. ஆனால் அட்டவணை இருக்கும் கோப்பின் எண் வர வேண்டிய இடத்தில் 0 என்றிருக்கும். உண்மையான எண் 'பிஜி_ஃபைல்நோட்.மேப்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது; அந்தக் கோப்பின் பெயர் நிரலிலேயே எழுதப்பட்டது.