ஏழு செகண்ட் கதையும் ரெண்டு பூட்டும்

"ஏழு செகண்டுக்குள்ள கட் பண்ணிட்டா காப்பிரைட் வராதுடா." கல்ச்சுரல்ஸ் சீசன்ல ஹாஸ்டல் பக்கம் போனா இந்த அட்வைஸ் நிச்சயம் உங்க காதுல விழும். சிலர் பத்து செகண்ட்னு சொல்வாங்க, சிலர் முப்பதுன்னு சொல்வாங்க. முதல்லயே சொல்லிடறேன்: 1957-ம் வருஷத்து இந்திய காப்பிரைட் சட்டத்துல இப்படி ஒரு செகண்ட் கணக்கே கிடையாது. பிட்ச்சை ஏத்தினாலும், ஸ்லோ பண்ணி ரிவெர்ப் போட்டாலும், கீழே "கிரெடிட் ஓனருக்கே"ன்னு எழுதினாலும் அது அனுமதி ஆகிடாது.

அப்போ என்னதான் கணக்கு? ஒரு பாட்டுக்குள்ள என்னென்ன உரிமை இருக்குன்னு பார்த்தா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

எனக்கு ஊர் ஆட்டையாம்பட்டி. அதனால உதாரணமும் முறுக்குதான். முறுக்குல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு பக்குவம். இன்னொண்ணு, அந்தப் பக்குவத்துல ஒருத்தர் சுட்டு பாக்கெட் போட்ட முறுக்கு. (சமையல் பக்குவத்துக்கு காப்பிரைட் இல்லைங்க, இது புரியறதுக்காக மட்டும்.) பாட்டும் அப்படித்தான். மெட்டும் வரிகளும் ஒரு பூட்டு. அதைப் பாடி, வாசிச்சு, பதிவு செஞ்ச ரெக்கார்டிங் இன்னொரு பூட்டு. அதே பக்குவத்துல நீங்களே மாவு பிசைஞ்சு சுட்டா அது கவர் வெர்ஷன். முதல் பூட்டுக்கு மட்டும் சாவி வாங்கினா போதும். அடுத்தவர் பாக்கெட்டைப் பிரிச்சு, முறுக்கை உடைச்சு உங்க மிக்சர்ல கலந்தா அது சாம்பிள். ரெண்டு சாவியும் வேணும்.

இந்த ரெண்டு பூட்டும் ஒரே நாள்ல திறக்கறதும் இல்லை. 'தொட்டால் பூ மலரும்' பாட்டை எடுத்துக்கோங்க. 1964-ல 'படகோட்டி'க்காக வந்தது, 2004-ல ரஹ்மான் 'நியூ' படத்துல ரீமிக்ஸ் பண்ணினது. ரெக்கார்டிங்குக்கு உரிமை 60 வருஷம்தான். 1964-ல வெளியான ரெக்கார்டுக்கு அது 2024 கடைசியோட முடிஞ்சுது. ஆனா மெட்டுக்கும் வரிக்கும் கணக்கு வேற: படைச்சவர் இறந்த பிறகு 60 வருஷம். வாலி மறைஞ்சது 2013-ல, எம்.எஸ்.விஸ்வநாதன் 2015-ல. ஆக, அந்த மெட்டு 2075 முடியற வரைக்கும் பூட்டுலதான் இருக்கும்.

ஒரு சாவி மட்டும் இருந்தா என்ன ஆகும்னு போன வருஷம் நாம எல்லாரும் பார்த்தோம். 2025 ஏப்ரல்ல வந்த 'குட் பேட் அக்லி'ல தன்னோட மூணு பழைய பாட்டை அனுமதி இல்லாம பயன்படுத்திட்டாங்கன்னு இளையராஜா சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆடியோ கம்பெனிகள்கிட்ட அனுமதி வாங்கிட்டோம்ங்கறது தயாரிப்பாளர் தரப்போட பதில். செப்டம்பர்ல கோர்ட் இடைக்காலத் தடை போட்டுச்சு. படம் நெட்ஃபிளிக்ஸ்ல இருந்து இறங்கி, அந்தப் பாட்டுகள் இல்லாம திரும்ப வந்துச்சு. வக்கீல் வெச்சிருக்கற பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

சரி, ரொம்பச் சின்ன துண்டா இருந்தா? உலகம் முழுக்க கோர்ட்டுகளுக்கே இதுல ஒரே கருத்து கிடையாது. அமெரிக்காவுல 2005-ல ஒரு அப்பீல் கோர்ட், ரெண்டு செகண்ட் கிட்டார் துண்டை எடுத்ததே மீறல்தான்னு சொல்லுச்சு. 2016-ல இன்னொரு அப்பீல் கோர்ட், மடோனாவோட 'வோக்' பாட்டுல வந்த 0.23 செகண்ட் ஹார்ன் சத்தத்தை ஒரு பொருட்டாவே எடுத்துக்கல. நம்ம டெல்லி உயர் நீதிமன்றமும் 2012-ல, ஒரு டிவி நிகழ்ச்சியில பாடகி சில வரி பாடினதை அற்பமான பயன்பாடுன்னு விட்டுடுச்சு. ஆனா யாரும் "இத்தனை செகண்ட் வரை ஓகே"ன்னு ஒரு எண் கொடுக்கல. கேஸுக்கு கேஸ் மாறும்.

சட்டம் திறந்து வெச்சிருக்கற கதவும் உண்டு. பிரிவு 52-ஐப் படிச்சுப் பாருங்க. சொந்தமாக் கேட்கறது, ஆராய்ச்சி, விமர்சனம் இதுக்கெல்லாம் நியாயமான அளவுல பயன்படுத்தலாம். காலேஜ் நிகழ்ச்சியில மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் மட்டுமே கூட்டமா இருந்தா பாட்டு போடலாம். கல்யாண ஊர்வலத்துக்கும் விலக்கு இருக்கு. ஆனா மேடையில தப்பில்லாத அதே மிக்ஸை யூடியூப்ல ஏத்தினா அந்த விலக்கு கூட வராது. அங்க முதல்ல உங்களைப் பிடிக்கறது கன்டென்ட் ஐ.டி.ங்கற சாஃப்ட்வேர். அது ஒலியோட கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். உங்க நியாயம் அதுக்குத் தெரியாது.

எனக்கு உறுத்தற இடம் ஒண்ணு இருக்கு. 2012 திருத்தத்துல வந்த பிரிவு 31சி, கவர் வெர்ஷனுக்கு ஒரு வழி கொடுக்குது. மூலப் பாட்டு பதிவாகி அஞ்சு வருஷம் ஆகியிருக்கணும், முன்கூட்டியே தகவல் கொடுக்கணும், குறைஞ்சது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்டணும், தேவையில்லாம மெட்டை மாத்தக் கூடாது. கஷ்டம்தான், ஆனா வழின்னு ஒண்ணு இருக்கு. சாம்பிளுக்கு அதுவும் இல்லை. உரிமைக்காரர் 'முடியாது'ன்னா முடியாதுதான். பல நேரம் அவர் யாருன்னு கண்டுபிடிக்கறதே பெரிய வேலை.

அதுக்காக "பாட்டு எல்லாருக்கும் பொது"ன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. ஒரு தடவை சம்பளம் வாங்கிட்டு, பாட்டு எத்தனை வருஷம் ஓடினாலும் வேற காசு பார்க்காத இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் நிறைய பேர். அவங்க ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிட முடியாதபடி செஞ்சதும் அதே 2012 திருத்தம்தான். நாளைக்கு உங்க பீட்டை ஒருத்தர் தூக்கி விளம்பரத்துல போட்டா, உங்களுக்கும் அந்தப் பூட்டு வேணும்ல? கவருக்கு இருக்கற மாதிரி, சின்ன ஆளும் கட்டக்கூடிய கட்டணத்துல சாம்பிளுக்கும் ஒரு லைசென்ஸ் வரணும். மூல ஆளுக்குக் காசு, புது ஆளுக்கு வழி.

அது வர்ற வரைக்கும், சத்தத்தை நீங்களே பதிவு பண்ணுங்க. தறிச் சத்தம், சந்தைக் கூச்சல், ஊர்த் திருவிழாவுல தவில் வாசிக்கறவர்கிட்ட கேட்டு எடுத்த நாலு தட்டு... போன்ல ரெக்கார்ட் பண்ணி லூப் போட்டுப் பாருங்க. வாசிச்சவர் பேரைப் போட மறக்காதீங்க. காசு வந்தா பங்கும் கொடுங்க.