வாடகை வீடும் காரீய விஷமும்

கடைத்தெருவில் கலப்பட நெய்யை விற்றவன், "அதில் கலப்பிருப்பது எனக்குத் தெரியாது" என்று மாத்திரம் சொல்லிக் குற்றத்தினின்று தப்பிவிட முடியாது. அறியாமை அவனுக்குக் கவசமாகாது என்பது நம் நாட்டு உணவுச் சட்டத்தின் கொள்கை. ஆனால் விஷ வர்ணம் பூசிய வீட்டைக் கைக்குழந்தையுள்ள குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டவன், அதே வார்த்தையைச் சொல்லி ஒதுங்கிக்கொள்ள இடமுண்டானால், அச்சட்டத்தைப் பற்றி யாது சொல்வது? செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் முதன்மை கோரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மத்தியச் சட்டம் அத்தகைய இடத்தைத் தருகிறது. அந்த வழியை அந்நாட்டு நகரங்கள் சில அடைத்த வரலாறு, குடிகளின் உரிமைக்கு உழைப்போர் ஊன்றி அறியத்தக்கது.

முதலில் விஷத்தின் இயல்பை அறிவோம். நம் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலானது. நாம் இங்கே குறிப்பது அதுவன்று, காரீயம். வெண்மையும் உறுதியும் கருதிக் காரீயச் சேர்க்கையை எண்ணெயில் குழைத்து வீடுகளுக்குப் பூசுவது மேனாடுகளில் நெடுநாளைய வழக்கம். அவ்வர்ணம் பழுதின்றி இருக்கும்வரை தீங்கு வெளிப்படுவதில்லை. நாட்பட நாட்பட அது செதில் செதிலாகப் பெயர்கிறது. மேலும் கீழுமாக ஏற்றி இறக்கும் சாளரங்களில், மரத்தோடு மரம் உராயுந்தோறும் கண்ணுக்குப் புலப்படாத தூளாகித் தரையில் படிகிறது. தவழும் குழந்தை அத்தரையில் கையை வைக்கிறது. பின் அக்கையை வாயில் வைக்கிறது. அவ்வளவே போதும். மூளை வளரும் பருவத்தில் இவ்விஷம் புகுந்தால் அறிவும் கவனமும் குன்றும். குன்றியது பெரும்பாலும் மீள்வதில்லை. இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லையென்பதே இன்றைய வைத்தியர்களின் முடிவு.

இஃது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. 1904-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து வைத்தியர் லாக்ஹார்ட் கிப்ஸன், தம்மிடம் வந்த குழந்தைகளின் நோய்க்கு வீட்டின் வர்ணமே காரணமென்று எடுத்துக் காட்டினார். 1921-ல் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, கட்டிடங்களின் உட்புறத்தில் வெள்ளைக் காரீய வர்ணத்தைப் பொதுவாக விலக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அமெரிக்க தேசம் முழுமைக்கும் தடை வந்ததோ 1978-ல்! விற்பனை நின்றது, ஆயினும் சுவரிலிருந்த வர்ணம் சுவரிலேயே இருந்தது. வசதியுள்ளோர் புது வீடுகளுக்குப் போயினர். பழைய வீடுகளில் வாடகைக்குக் குடியேறியோர் ஏழைகள். அவர்களுள் கறுப்பினத்தார் மிகப் பலர்.

1992-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி, 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுவோர், அதிலுள்ள காரீய வர்ணத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை ஒப்பந்தத்துக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும். கைவசமுள்ள பரிசோதனை அறிக்கைகளைக் காட்ட வேண்டும். எச்சரிக்கைப் பிரசுரம் ஒன்றும் தரவேண்டும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வீட்டைப் பரிசோதிக்க வேண்டுமென்று அச்சட்டம் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்ததைச் சொல் என்கிறதேயன்றித் தெரிந்துகொள் என்று சொல்லவில்லை. பலன் யாது? பரிசோதித்தவன் பொறுப்பைச் சுமக்கிறான், பரிசோதியாதவன் நிம்மதியாயிருக்கிறான். குழந்தையின் இரத்தத்தில் விஷம் கண்ட பின்னரே அதிகாரிகள் வீட்டைப் பார்க்க வந்தனர். குழந்தையே பரிசோதனைக் கருவியாயிற்று!

இந்த முறையை மாற்றிய நகரங்களுள் ஒன்று நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டர். அங்கே ஓர் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், தம் மாணவர் பலர் பின்தங்குவதன் காரணத்தைத் தேடி அவர்களுடைய சுகாதாரக் குறிப்புகளை ஆராய்ந்தார். புதிதாகச் சேர்ந்தோரில் ஏறக்குறைய ஐவருக்கு இருவர் வீதம் காரீயம் மிகுந்தவர் எனக் கண்டார். அவர் வாளாவிருக்கவில்லை. 2000-ல் ஊரார் பலர் கூடி இவ்விஷத்தைத் தடுக்க ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் செய்த கிளர்ச்சி 2005 டிசம்பரில் நகரசபைச் சட்டமாகப் பலித்தது. 2006 ஜூலையில் அமுலுக்கு வந்தது. வாடகை வீட்டுக்குரிய குடியிருப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம், வர்ணம் பெயர்ந்துள்ளதாவென்று நகரசபைப் பரிசோதகர் பார்க்கிறார். அபாயம் மிகுந்த வட்டாரங்களில், பார்வையில் தேறிய வீட்டிலும் தரையையும் சாளர விளிம்பையும் துடைத்தெடுத்து, அத்தூளைச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். தேறாத வீட்டுக்கு அத்தாட்சி கிடையாது. பின்வந்த ஆண்டுகளில் அவ்வட்டாரத்துக் குழந்தைகளிடையே இவ்விஷம் மாகாணத்தின் பிற பகுதிகளைவிட விரைவாகக் குறைந்தது.

நியூயார்க் மாநகரத்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. 1960-க்கு முன் கட்டிய, மூன்றோ அதற்கு மேலோ குடித்தனங்களுள்ள கட்டிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை வசிக்குமானால், அங்குள்ள வர்ணத்தில் காரீயம் உண்டென்றே சட்டம் ஊகிக்கிறது. இல்லையென்று நிரூபிப்பது சொந்தக்காரரின் கடமை. 2020-ல் நிறைவேறிய மற்றொரு சட்டம், 2025 ஆகஸ்டுக்குள் இத்தகைய கட்டிடங்களை எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதிக்கவேண்டுமென விதித்தது. சோதிப்பவர் தகுதி பெற்றவராகவும் சொந்தக்காரரைச் சாராதவராகவும் இருத்தல் வேண்டும். நிரூபிக்கும் பாரத்தை ஏழைத் தாயின் தோளினின்று எடுத்துச் சொத்துடையவர் தோளில் வைத்ததே இச்சட்டங்களின் உயிர்நிலை.

சொந்தக்காரர்கள் ஆட்சேபிக்காமல் இல்லை. செலவு பெருகும், வாடகை உயரும், சிறு சொந்தக்காரர் வீட்டையே கைவிடுவர் என்கின்றனர். இவ்வாட்சேபத்தில் சிறிது உண்மையுண்டு. ஆனால் வர்ணம் முழுவதையும் சுரண்டியெடுக்கச் சட்டம் கேட்கவில்லை. பழுதற்றதை அப்படியே விடலாம். பெயர்ந்ததை நனைத்துச் சுரண்டி, மேற்பூச்சிட்டு, உராயும் சாளரத்தைச் சீர்செய்து, தூளை ஈரத்தால் துடைத்தெடுத்தால் அபாயம் வெகுவாக நீங்கும். அதற்கும் சக்தியற்றவருக்குச் சர்க்கார் பொருளுதவி செய்யட்டும். ராச்செஸ்டரிலும் அவ்வாறு உதவி செய்யப்பட்டது. குழந்தையுள்ளோருக்கு வீடில்லை என்று கதவடைப்பாரெனில், அதனை 1988-லேயே அமெரிக்கச் சட்டம் விலக்கியிருக்கிறது. செலவு எப்படியும் உண்டு. அதைச் சொத்திலிருந்து கொடுப்பதா, குழந்தையின் அறிவிலிருந்து கொடுப்பதா என்பதே கேள்வி.

இனி நம் நிலைமையைப் பார்ப்போம். 2016-ல் இந்திய சர்க்கார் வகுத்த விதிகளின்படி, 2017 நவம்பர் முதல் வீட்டு வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் தொண்ணூறு பங்குக்கு மேல் இருத்தலாகாது. நன்று. ஆயினும் அவ்விதி செய்து விற்கும் வர்ணத்தை ஆளுமேயன்றி, முன்னரே பூசிக் காய்ந்த வர்ணத்தை ஆளாது. அமெரிக்கா 1978-ல் நின்ற இடமும் அதுவே. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பழைய வீடுகளைப் பொறுத்தவரை அப்பதிவோடு வர்ணப் பரிசோதனை அறிக்கை ஒன்றும் சேரவேண்டுமென்று நம் சட்டசபை அங்கத்தினர்களையும் நகரசபைகளையும் குடிகள் வற்புறுத்த வேண்டும். வாடகைக்கு முன்பணமாக எத்தனை மாதம் கேட்கலாமென்று வாதிக்கும் நாம், குழந்தை தவழப்போகும் தரை எத்தகையது என்றும் கேட்கக் கற்போமாக.