தூக்குக்குண்டும் தொண்டைக்குழியும்

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவி)

சிவில் படிக்கிறவளுக்குப் படம் வரைகிற வகுப்பில் என்ன வேலை என்று என்னைக் கேட்காதவர்கள் நம் செக்‌ஷனில் பாக்கி இல்லை. வாரம் முழுக்க மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டுவது போதாதா என்பார்கள். அவர்களுக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவது லைஃப் டிராயிங் வகுப்பு. எதிரே ஓர் ஆள் நிற்பார், அல்லது உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்து வரைய வேண்டும். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது. வெளிநாடுகளில் மாதிரிகள் உடையில்லாமல் நிற்பதும் உண்டு. எங்கள் வகுப்பில் வேட்டி, சேலைதான். (இதை விசாரித்த பிறகுதான் அம்மா அனுப்பினாள்.)

முதலில் ஒரு நிமிஷ போஸ்கள். ஒரு நிமிஷத்தில் கண், மூக்கு வரைய ஏது நேரம்? முதுகு எப்படி வளைகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, அவ்வளவுதான் கரித்துண்டில் வரும். பிறகு ஐந்து நிமிஷம், கடைசியில் இருபது நிமிஷம். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் தலையின் உயரத்தை அளந்து, மொத்த உடம்பும் எத்தனை தலை உயரம் என்று பார்ப்போம். பெரும்பாலும் ஏழு, ஏழரை வரும். நான் முதலில் வரைந்த ஆளுக்கு ஐந்துதான் வந்தது! மனசுக்கு முகம் முக்கியம், அதனால் கை தலையைப் பெரிசாக்கி விடுகிறது.

எங்கள் சார் வாராவாரம் ஒரு பழைய சிற்பத்தின் படத்தைச் சுவரில் மாட்டி, மாதிரியை அதே நிலையில் நிறுத்துவார். ஒரு வாரம் கிரேக்கச் சிற்பி பாலிக்ளைட்டஸின் 'ஈட்டி ஏந்தியவன்'. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் செய்தது. அது போய்விட்டது, ரோமானியர் காலத்துப் பளிங்கு நகல்கள்தான் மிச்சம். அவன் ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கிறான். அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறுகிறது, தோள் கீழே இறங்குகிறது. பஸ் ஸ்டாப்பில் நாமும் அப்படித்தானே நிற்கிறோம்? நம் சோழர் வெண்கலங்களில் பார்வதி நிற்கும் திரிபங்கத்திலும் எடை ஒரு காலில்தான்.

அன்றைக்கு சார் ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டார். நம்ம தூக்குக்குண்டேதான்! தொண்டைக்குழிக்கு நேரே நூலைப் பிடித்தால், எடை தாங்குகிற காலின் கணுக்காலுக்குப் பக்கத்தில் நட்டு வந்து நிற்க வேண்டும். தள்ளிப் போனால் படத்தில் இருக்கிற ஆள் விழுந்துவிடுவார்.

இந்த வகுப்பில் உட்காரப் பெண்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கியபோது உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். ஜோஹன் ஜோஃபனி என்பவர் 1771-72இல் உறுப்பினர்களை லைஃப் வகுப்பில் கூடியிருப்பதாக வரைந்தார். ஆண்கள் மாதிரியைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இரண்டு பேர் மட்டும் சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள்! ஆடையில்லாத மாதிரி இருக்கும் அறைக்குள் பெண்களைச் சேர்ப்பதில்லை. அங்கே மாணவிகளுக்கு லைஃப் வகுப்பு கிடைக்க 1893 ஆயிற்று, அதுவும் மாதிரிக்குத் துணி சுற்றித்தான். மனித உடம்பு வரையத் தெரியாதவருக்குப் பெரிய ஓவியங்கள் வரையும் வாய்ப்பே இல்லாத காலம் அது.

சென்னைக் கலைப் பள்ளி 1850இல் தொடங்கியது. 1929இல் அதற்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நான்கு பேர் பாறையை நெம்புகிறார்களே, உழைப்பாளர் சிலை, 1959இல் வைத்தது, அது அவர் செய்ததுதான். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலாளி.

அந்தச் சிலையின் படத்தை சார் மாட்டிய ஞாயிறன்று மாதிரி வரவில்லை. என்னைக் கூட்டிப்போக வந்த என் அப்பா, தோளில் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். சார் பார்த்துவிட்டார். "ஐயா, ஒரு இருபது நிமிஷம் நிக்க முடியுமா?"

எனக்குப் பகீரென்றது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். யாராவது கேட்டால் 'மார்க்கெட்டில் வியாபாரம்' என்றுதான் நான் சொல்லி வந்தேன். (இப்போது மலரிலேயே எழுதியாயிற்று.) அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, சுவரில் கை ஊன்றித் தள்ளுகிற மாதிரி நின்றார். இருபது நிமிஷமும் அசையவில்லை. நான் பென்சிலை நீட்டி அளந்தேன். வலது தோள் இடதைவிட இறங்கியிருந்தது. போஸினால் என்று நினைத்தேன். முடிந்து நேராக நின்றபோதும் அது இறங்கித்தான் இருந்தது. பதினெட்டு வருஷமாக அதே வீட்டில் இருக்கிறேன், அன்றுதான் கவனித்தேன்.

சார் மாதிரிக்கான பணத்தைக் கொடுத்தபோது, "சும்மா நின்னதுக்கா சார்?" என்று வாங்க மறுத்தார். அப்புறம் என் பின்னால் வந்து படத்தைப் பார்த்தார். மூஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பின்னங்காலு இவ்ளோ கிட்ட இருந்தா தள்ள முடியாதும்மா. வழுக்கிடும்."

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம் தப்பு.